பெரட்டுக்களம் வேண்டாம்: மென்பொருள் குழுவைப் புதிதாக நடத்த வருபவருக்கு

பதினொரு நாளாக பேக்அப் (தரவின் காப்பு நகல்) ஓடவில்லை. எங்கள் குழுவில் ஒரு தம்பிக்கு அது மூன்றாம் நாளே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் வாடிக்கையாளரின் சர்வர் படுத்துவிட்டது. தொலைந்துபோன விற்பனைக் கணக்கை ரசீதுக் கட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கையால் ஏற்றினோம். ஆறு பேர், மூன்று இரவு. எல்லாம் ஓய்ந்தபிறகு, "ஏன் தம்பி, முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு நீங்க ரொம்ப டென்ஷனா இருந்தீங்கண்ணே. நானே சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

திட்ட வாயெடுத்தவன் மூடிக்கொண்டேன். அவன் சொன்னது உண்மைதான். அந்த வாரம் என் முகத்தைப் பார்த்து எவனும் எதையும் சொல்லியிருக்க மாட்டான்.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணியில் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம். கீழே மோட்டார் பட்டறை, எதிரே மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்). குழுவில் பாதிப்பேர் பீடோங் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள். நானும் அப்படித்தான். நேற்றுவரை நன்றாகக் கோட் எழுதிக்கொண்டிருந்து, திடீரென்று ஒருநாள் "இனிமே நீதான் டீம் லீட்" என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த வேலைக்கு ஆயிரம் அளவுகோல் சொல்வார்கள். நான் ஒன்றைத்தான் பார்க்கிறேன்: கெட்ட செய்தி எத்தனை நாளில் உங்கள் காதுக்கு வந்து சேருகிறது? கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நாள்களைக் குறைக்கத்தான்.

முதல் படி: இரண்டு வாரம் எதையும் மாற்றாதீர்கள்

பதவி வந்ததும் கை பரபரக்கும். புது டூல், புது விதி, புது வாட்சாப் குழு. (புலனம் என்று எழுத ஆசைதான், ஆபீசில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.) இரண்டு வாரம் பொறுங்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக அரை மணி நேரம் உட்கார வைத்து மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் நேரத்தை அதிகமாகத் தின்பது எது? தொடவே பயப்படும் கோட் எது? நாளைக்கு நீங்கள் வரவில்லை என்றால் எந்த வேலை நின்றுபோகும்?

பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், வாதாடாதீர்கள். இரண்டாவது கேள்விக்கு நாலு பேர் ஒரே கோப்பின் பெயரைச் சொன்னால், அடுத்து எங்கே வெடிக்கும் என்பது தெரிந்துவிடும். எங்களிடம் அது வரி கணக்கிடும் கோப்பு. எழுதியது நான்தான். அதைக் கேட்டு முகம் சுருங்காமல் இருப்பதுதான் முதல் பரீட்சை.

கோட் எழுதுவதை முழுக்க விடவேண்டாம். ஆனால் மற்றவர்கள் காத்திருக்கும் பகுதியை நீங்கள் எடுக்காதீர்கள். அதை எடுத்த அன்றைக்குத்தான் வாடிக்கையாளர் இரண்டு மணி நேரம் போனில் பிடித்துக்கொள்வார். குழுவே உங்களுக்காகக் காத்திருக்கும். சின்னச் சின்னப் பிழைகள், டெஸ்ட், யாரும் விரும்பாத அறிக்கைப் பக்கம் இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காலைக் கூட்டத்தைப் பெரட்டாக்காதீர்கள்

தோட்டத்துப் பெரட்டை, அதாவது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதை, பார்த்தவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். விடியுமுன் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். மண்டோர் (மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிடுவார், கிராணி (எழுத்தர்) குறித்துக்கொள்வார், யாருக்கு எந்த மர நிரை என்று மேலிருந்து வரும். கேள்வி கேட்பது வழக்கமில்லை. கேட்டவனுக்கு மேட்டுக்காடு கிடைக்கும் என்று என் அம்மா சொல்வார்.

பல ஆபீஸ்களில் ஸ்டாண்ட்-அப் (நின்றபடி நடத்தும் காலைக் கூட்டம்) என்ற பெயரில் நடப்பதும் பெரட்டுதான். இந்தக் கூட்டம் வந்தது ஸ்க்ரம் என்ற குழு வேலைமுறையிலிருந்து. அதை 1995இல் ஒரு மாநாட்டில் கென் ஷ்வேபரும் ஜெஃப் சதர்லேண்டும் முன்வைத்தார்கள். அதில் தினக்கூட்டம் 15 நிமிடம். வேலை செய்பவர்கள் தங்களுக்குள்ளே அன்றைய திட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளத்தான் அது. லீடிடம் கணக்கு ஒப்பிப்பதற்கு அல்ல. நம் ஊரில் என்ன நடக்கிறது? ஆறு பேரும் லீடின் முகத்தையே பார்த்து, "நேத்து லாகின் பண்ணேன், இன்னைக்கும் லாகின், பிரச்சினை ஒண்ணும் இல்லண்ணே" என்று ஒப்பிக்கிறார்கள். அந்த "ஒண்ணும் இல்லண்ணே"க்குள்தான் எங்கள் பதினொரு நாள் இருந்தது.

இதை மாற்ற நான் செய்தவை சில்லறை வேலைகள்தான், ஆனால் பலித்தன. ஒன்று, ஆளை விட்டு வேலையைக் கேட்பது. சுவரில் உள்ள பலகையில் வலது ஓரத்திலிருந்து, அதாவது முடியப்போகும் வேலையிலிருந்து தொடங்கி, "இது நேற்று இங்கேதான் இருந்தது, இன்றும் இங்கேதான் இருக்கிறது. நகர என்ன வேண்டும்?" என்று கேட்போம். குற்றவாளிக் கூண்டில் நிற்பது ஒரு அட்டை. மனுஷன் கொஞ்சம் தாராளமாகப் பேசுவான். இரண்டாவது, நான் பலகைக்கு எதிரே நிற்பதை விட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்கிறேன். முதல் இரண்டு நாள் எல்லாரும் கழுத்தைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடினார்கள். மூன்றாம் வாரம் மறந்துபோனார்கள். மூன்றாவது, கூட்டத்தை வாரம் ஒருவர் நடத்துவது. இருப்பதிலேயே புதியவரிடமிருந்து தொடங்குங்கள்.

தாமதமாக வந்தவரைக் கூட்டத்தில் கேட்காதீர்கள். மழை பெய்தால் மோட்டாரில் வருபவர் பெட்ரோல் நிலையத்தில் ஒதுங்கத்தான் செய்வார்.

மூன்றாம் படி: கெட்ட செய்தி வர ஒரு வழி வெட்டுங்கள்

ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்பது எதிர்பார்ப்பு. கணக்கு தலைகீழாக வந்தது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை. செய்ததை மறைக்கவில்லை, அவ்வளவுதான். 1999இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்குப் பிறகு உளவியல் பாதுகாப்பு என்ற சொல் நிர்வாக உலகில் பரவியது. 2012இல் கூகுள் தன் குழுக்களைப் பற்றித் தொடங்கிய ஆய்வும் சுற்றிச்சுற்றி அதே இடத்துக்குத்தான் வந்தது.

சொல் பெரிதாக இருக்கிறது. நம் ஊர் நடைமுறையில் அது ஒரே ஒரு நொடிதான். ஒருவர் வந்து "அண்ணே, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்கிறாரே, அதற்கு அடுத்த நொடி உங்கள் வாயிலிருந்து என்ன வருகிறது? "யாரு பண்ணது?" என்று வந்தால் அது ஆறு பேருக்கும் பாடம். அடுத்த தடவை யாரும் வரமாட்டார்கள். நான் பழகிக்கொண்ட வாக்கியம்: "நல்லவேளை இன்னைக்கே சொன்ன. இப்போ யாருக்கு என்ன நின்னுபோயிருக்கு?" முதலில் நன்றி, அடுத்து பாதிப்பு. காரணம் பிறகு. ஆள் கடைசி, பெரும்பாலும் தேவையே இல்லை. நாடகம் போலத் தோன்றும். தோன்றட்டும். ஆறு மாதத்தில் இயல்பாகிவிடும்.

நம் பிள்ளைகளுக்குப் பெரியவர் முன்னால் வாயடைத்து நிற்பது மரியாதை. அதைக் குறையாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. வீட்டில் அது நல்ல பழக்கம்தான். அதனால் "பயப்படாம பேசுங்க" என்று உத்தரவு போட்டால் ஒன்றும் நடக்காது. மரியாதை குறையாமல் பேச ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும். டொயோட்டா தொழிற்சாலையில் வரிசையில் நிற்பவர் கோளாறைக் கண்டால் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுப்பார். மேற்பார்வையாளர் வந்து பார்ப்பார், உடனே தீரவில்லை என்றால் வரிசையே நிற்கும். யாரையும் எதிர்த்துப் பேச வேண்டியதில்லை, கயிறு பேசும். எங்கள் கயிறு, குழு அரட்டையில் சிவப்பு வட்டம் ஒன்று. அதைப் போட்டால் விளக்கம் எழுத வேண்டாம். யார் கை காலியாக இருக்கிறதோ அவர் எழுந்து அந்த மேசைக்குப் போகவேண்டும். முதல் சிவப்பு வட்டத்தை நானே போட்டேன், நான் உடைத்த ஒன்றுக்காக. அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் போட்டார்கள்.

பெரிய சேதம் நடந்தால் இரண்டு நாளுக்குள் எல்லாரும் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுங்கள். எத்தனை மணிக்கு என்ன நடந்தது, அப்போது கையில் இருந்த தகவல் என்ன, அடுத்த முறை முன்கூட்டியே தெரிய என்ன செய்யலாம். ஆள் பெயர் வேண்டாம். "பேக்அப்பைப் பார்த்தவர்" என்று எழுதினால் போதும். எங்கள் பக்கத்தில் கடைசியில் நின்ற காரணம் என்ன தெரியுமா? பேக்அப் நின்றால் போகவேண்டிய மின்னஞ்சல், இரண்டு வருடத்துக்கு முன் வேலையை விட்டுப்போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. தம்பியைத் திட்டியிருந்தால் அது இன்றும் அங்கேதான் போய்க்கொண்டிருக்கும். இப்போது வாரம் ஒருமுறை பேக்அப்பைப் பழைய கணினி ஒன்றில் உண்மையாகவே மீட்டுப் பார்க்கிறோம். திறந்து பார்க்காத பேக்அப்பை நான் பேக்அப் என்று சொல்வதில்லை.

நான்காம் படி: வேலையைச் சிறிதாக உடையுங்கள், தேதியைத் தனியாகப் பேசுங்கள்

இரண்டு நாளுக்கு மேல் போகும் எந்த வேலையையும் உடைக்கச் சொல்லுங்கள். உடைக்கத் தெரியவில்லை என்றால் அந்த வேலை இன்னும் புரியவில்லை என்று பொருள். பலகையில் மூன்று பத்தி போதும்: காத்திருப்பது, நடப்பது, முடிந்தது. 'நடப்பது' பத்தியில் ஆளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. இதற்கு மேல் விளக்க ஒன்றும் இல்லை.

தேதி வேறு கதை. "எப்போ முடியும்?" என்று பாஸ் கேட்டால் நம் ஆள்கள் அவர் கேட்க விரும்பும் தேதியைச் சொல்வார்கள். ஆகவே ஒரு தேதி கேட்காதீர்கள், இரண்டு கேளுங்கள்: எல்லாம் ஒழுங்காகப் போனால் எப்போது, கோணலாகப் போனால் எப்போது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பெரிதாக இருந்தால் "கோணல்னா என்ன கோணல்?" என்று கேளுங்கள். கெட்ட செய்தி அங்கே ஒளிந்திருக்கும்.

கெடாவில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. இங்கே அரசாங்க வார விடுமுறை வெள்ளி, சனி. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். கோலாலம்பூர் வாடிக்கையாளருக்கோ சனி, ஞாயிறு. இரண்டு பக்கமும் ஆள் இருப்பது திங்கள் முதல் வியாழன் வரைதான். வியாழன் மாலை புது வெளியீடு போட்டால் வெள்ளிக்கிழமை அவர்கள் அலறுவார்கள், நீங்கள் குழந்தையோடு கடையில் நிற்பீர்கள். எங்கள் விதி: திங்கள் முதல் புதன் மதியம் வரைதான் வெளியீடு. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தூங்கும்போது நாங்கள் அந்தப் பேக்அப் மீட்பைச் செய்கிறோம்.

ஐந்தாம் படி: தாமதமானால் ஆள் சேர்க்காதீர்கள்

இதில் நான் சூடுபட்டிருக்கிறேன். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) திட்டம் 2024 ஆகஸ்ட் 1இல் பெரிய நிறுவனங்களோடு தொடங்கியது. ஆண்டு விற்பனை 5 மில்லியனிலிருந்து 25 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்) வரை உள்ளவர்களுக்கு 2025 ஜூலை 1. எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் அந்த வரிசையில் இருந்தார். ஏப்ரல் மாதத்தில் பார்த்தால் பாதி வேலைகூட முடியவில்லை. பதறிப்போய் பினாங்கிலிருந்து இரண்டு பேரை ஒப்பந்தத்தில் எடுத்தேன். மூன்று வாரம் எங்கள் மூத்த பெண் கோட் எழுதவே இல்லை. அவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவர்கள் திருத்தியதைத் திருத்த இன்னொரு வாரம்.

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற இயங்குதளத்தின் உருவாக்கத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975இலேயே இதைச் சொல்லிவிட்டார்: தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும். கணக்கு எளிது. ஆறு பேர் இருந்தால் ஒருவரோடு ஒருவர் பேசவேண்டிய இணைகள் 15. எட்டுப் பேர் ஆனதும் 28. ஆள் கூடியது இரண்டு, பேச்சு கிட்டத்தட்ட இரட்டிப்பு.

அப்புறம் என்னதான் செய்வது? வேலையைக் குறைக்கவேண்டும். வாடிக்கையாளரிடம் போய், "ஜூலை 1க்குச் சட்டப்படி வேண்டியது இவ்வளவு. மீதி அழகுக்கு. அதை ஆகஸ்டில் தருகிறோம்" என்று சொன்னேன். திட்டினார். பிறகு ஒப்புக்கொண்டார். ஏப்ரலில் சொன்னதால்தான் ஒப்புக்கொண்டார். ஜூன் கடைசியில் சொல்லியிருந்தால் வேறு ஆளைத் தேடியிருப்பார்.

இரவு வேலையால் ஈடுகட்டலாம் என்ற எண்ணமும் வரும். 2023 ஜனவரியிலிருந்து நம் வேலைச் சட்டத்தில் வார வேலைநேரம் 45 மணி. சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவருக்கு அதற்கு மேல் செய்தால் கூடுதல் ஊதியமும் தரவேண்டும். சட்டத்தை விடுங்கள். பால்மரம் வெட்டுபவர்களைக் கேளுங்கள். உளியைக் கொஞ்சம் ஆழமாக இறக்கினால் இன்றைக்குப் பால் சேரும் மங்கு நிறையும். மரத்தில் காயம் விழும், திரும்ப வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அங்கே உளி ஓடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது மரத்தின் மேல் பரிதாபப்பட்டு அல்ல. ஒரு வாரம் இரவு விழித்து எழுதிய கோட்டை அடுத்த மாதம் திறந்து பாருங்கள், முண்டும் முடிச்சும் தெரியும்.

ஆறாம் படி: கோட் ரிவியூவில் நாக்கைக் கவனியுங்கள்

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படிக்காமல் உள்ளே விடாதீர்கள். நீங்கள் எழுதியதையும்தான். மாற்றம் சிறிதாக இருக்கட்டும். 40 வரி கொடுத்தால் பத்துக் கேள்வி வரும். 1,000 வரி கொடுத்தால் "ஓகே" வரும்.

எழுத்தில் வரும் கருத்துக்குக் குரல் கிடையாது. "ஏன் இப்படி எழுதின?" என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்டது, படிப்பவர் காதில் மண்டோர் குரலில் விழும். "பட்டியல் காலியா வந்தா இந்த வரி என்ன ஆகும்?" என்று கோட்டைப் பற்றிக் கேளுங்கள். கட்டாயம் மாற்றவேண்டியதையும், மாற்றினால் நன்றாக இருக்கும் என்பதையும் பிரித்து எழுதுங்கள். இல்லையென்றால் இளையவர்கள் எல்லாவற்றையும் கட்டளையாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் உழைப்பார்கள். மூன்று தடவை பதில் மேல் பதில் போனால் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து அந்த மேசைக்கு நடங்கள். எங்கள் அலுவலகத்தில் அது எட்டு அடி.

புதியவரை உங்கள் கோட்டை ரிவியூ செய்யச் சொல்லுங்கள். முதலில் எதுவும் சொல்லமாட்டார். ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைத்துப் பார்த்தேன், அதையும் சொல்லவில்லை. "இதுல ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடிச்சா ரொட்டி சானாய் என் செலவு" என்றேன். இரண்டு கண்டுபிடித்தார். ஒன்று நான் விட்டது, இன்னொன்று எனக்கே தெரியாதது.

ஏழாம் படி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தனியாக உட்காருங்கள்

அரை மணி நேரம் போதும். ஆபீஸ் அறையில் கதவைச் சாத்தினால் பிள்ளைகளுக்கு வியர்க்கிறது. நான் எதிரே மாமாக் கடைக்குப் போகிறேன். பசியாறிக்கொண்டே பேசினால் வாய் தன்னால் திறக்கும். ஆனால் ஒன்று: மற்றவர்கள் உட்காரும் நேரத்தில் போகாதீர்கள், பக்கத்து மேசையில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். சிறு நகரம் இது. ஒருவர் தன் சம்பளத்தைப் பற்றிச் சொன்னது மாலைக்குள் அவர் மாமா காதுக்குப் போய்விடும்.

அங்கே வேலை நிலவரம் கேட்காதீர்கள், அதற்குப் பலகை இருக்கிறது. "போன வாரம் எது எரிச்சலா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, டீ ஆறும்வரை பேசாமல் இருங்கள். நம்மால் முடியாதது இதுதான், மௌனத்தைப் பார்த்ததும் நாமே பேசி நிரப்பிவிடுகிறோம். எட்டு வினாடி தாங்கினால் உண்மை வரும். வந்ததில் ஒன்றையாவது அடுத்த சந்திப்புக்குள் செய்துமுடியுங்கள், நாற்காலி மாற்றுவதாக இருந்தாலும் சரி. இந்தச் சந்திப்பை அவசர வேலை வந்ததென்று தள்ளிப்போடாதீர்கள். தள்ளவேண்டியிருந்தால் அதே வாரத்துக்குள் வைத்துவிடுங்கள்.

எட்டாம் படி: போகிறவரை நல்லபடியாக அனுப்புங்கள்

இரண்டு மூன்று வருடம் பழக்கிய ஆள் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கோ கூலிம் தொழில்பூங்காவுக்கோ போவார். அவர்கள் கொடுக்கும் சம்பளத்தை நம்மால் கொடுக்க முடியாது. கோபப்பட்டால் அடுத்தவர் கடைசி நாள்வரை மறைப்பார், அதுவும் தாமதமாக வரும் கெட்ட செய்திதான். முதல் படியில் கேட்ட மூன்றாவது கேள்வியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பக் கேளுங்கள். ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிந்த வேலை எதுவானாலும், அடுத்த முறை அதை வேறொருவர் செய்யட்டும், தெரிந்தவர் பக்கத்தில் கைகட்டி உட்காரட்டும்.

ஒப்படைப்புக்கு ஆவணம் எழுதச் சொன்னால் முப்பது பக்கம் எழுதுவார்கள், யாரும் படிக்கமாட்டார்கள். கடைசி வாரத்தில் அவருடைய வேலை முழுவதையும் இன்னொருவர் செய்ய, போகிறவர் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அவர் முகவரிக்கு எந்தெந்த எச்சரிக்கை மின்னஞ்சல் போகிறது என்று மறக்காமல் பாருங்கள். அவருடைய கணக்குகளை மூடுவதைக் கடைசி நாள் மாலைக்கு வைக்காதீர்கள். காலையிலேயே, அவர் பக்கத்தில் இருக்கும்போதே மூடுங்கள். ஏதாவது நின்றுபோனால் கேட்க ஆள் இருக்கும்.